முதல் நாள் கதைகளைத் திருத்தாமல் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அதிகாரிகளுக்கும், துறை வெளியிடும் ஊஞ்சல், தேன்சிட்டு, கனவு ஆசிரியர் இதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில்தான் போனது. ஒவ்வொரு ஜூனிலும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைகளைப் பிரித்து உள்ளே அழைத்து வந்தவள் என்ற முறையில், பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளைப் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகளை உங்கள் இதழ்களில் அச்சிடும்படி கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஆண்டுதோறும் மாணவர் சேர்க்கைப் பேரணி நடத்துகிறோம். பிளக்ஸ் கட்டுகிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம், தெருத்தெருவாகப் போய் இலவசப் பாடநூல், சீருடை, காலை உணவு, திறன்மிகு வகுப்பறை என்று பட்டியல் வாசிக்கிறோம். எல்லாம் உண்மை, எல்லாம் தேவை. நானும் வெயிலில் நின்று அந்தப் பட்டியலை வாசித்திருக்கிறேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பாவின் முகம் அந்தப் பட்டியலைக் கேட்டு மாறி நான் பார்த்ததில்லை. "நீங்க ஒண்ணாப்பு சேர்ந்த அன்னிக்கு என்ன நடந்துச்சுண்ணே?" என்று கேட்டபோதுதான் மாறியது. கையில் இருந்த நோட்டீஸை மடித்து வைத்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

அவர் சொன்னது காது தொட்ட கதை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கை குட்டை, எட்டாது. அவருக்கும் எட்டவில்லை. அவருடைய அம்மா பின்னால் நின்று, வாத்தியார் பார்க்காத நேரத்தில் முழங்கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டாராம். "காது மடல் நுனி பட்டுச்சு டீச்சர், அந்த நுனியிலதான் நான் ஸ்கூலுக்குள்ள போனேன்" என்றார். சுற்றி நின்ற அத்தனை ஆண்களும் தங்கள் கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தார்கள். நரைத்த தலைகளின் மேல் அந்தக் கைகளைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்து அந்தக் கதையை எழுதி வைத்தேன். அப்புறம் பெற்றோர் கூட்டத்துக்கு வருபவர்களிடம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேரனைப் பார்க்க வரும் தாத்தாக்களிடம், நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும் பெண்களிடம் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். வாரம் ஒரு கதையைச் சார்ட்டில் எழுதி வராந்தாச் சுவரில் ஒட்டினேன்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைச் செய்துவிடக் கூடாது. தொடக்கத்தில் ஒட்டிய கதைகளை யாரும் நின்று படிக்கவில்லை. 'ஒண்ணாப்பு' என்று அவர்கள் சொன்னதை 'முதல் வகுப்பு' என்று மாற்றியிருந்தேன். 'பெரிய வாத்தியார்' என்பதைத் 'தலைமையாசிரியர்' ஆக்கியிருந்தேன். கடைசி வரியில் 'ஆகவே கல்வியே அழியாச் செல்வம்' என்று நானே சேர்த்திருந்தேன். கதை சொன்ன மனிதர் ஒருவர் வந்து நின்று எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு டீச்சர், ஆனா இது நான் சொன்ன மாதிரி இல்லையே" என்றார். அவர் சொன்னதில் அவருடைய அப்பா மாட்டை விற்றுச் சிலேட்டு வாங்கவில்லை. மாடு விற்கப் போன இடத்தில் விலை படியாமல் திரும்பும்போது, பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டுமே என்று சிலேட்டு வாங்கினார். நான் அதைத் தியாகக் கதையாக்கிவிட்டேன். மறுநாளே சார்ட்டைக் கிழித்துவிட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி ஒட்டினேன். அதன் பிறகுதான் ஜனங்கள் நின்றார்கள்.

ஏன் நிற்கிறார்கள் என்று நிறைய யோசித்திருக்கிறேன். வேலை கிடைத்த கதை எல்லாரிடமும் இல்லை, வீடு கட்டிய கதை எல்லாரிடமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாளோ, போகாமல் போன நாளோ எல்லாரிடமும் இருக்கிறது. அந்த வயதில் நாம் யாரும் பெரிய ஆள் கிடையாது. பின்னாளில் கலெக்டர் ஆனவரும் கல்லுடைக்கப் போனவரும் அன்றைக்கு ஒரே உயரம்தான், ஒரே பயம்தான். படிப்பவர் அந்த உயரத்துக்கு இறங்கிவிடுகிறார். இன்னொன்று, இந்தக் கதைகளில் பொருள்கள் இருக்கின்றன. மஞ்சள் பை. பலப்பம் கடித்தபோது நாக்கில் படும் மண் ருசி. சிலேட்டு வெளுத்துப்போனால் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்ப்பது. சேர்க்கிற அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்த பொரிகடலையும் ஆரஞ்சு மிட்டாயும். 'அன்று எனக்கு மிகவும் பயமாக இருந்தது' என்று எழுதினால் கண் தாண்டிப் போய்விடுகிறது. 'மிட்டாயைச் சப்பாமல் கையிலேயே வைத்திருந்தேன், சாயந்தரம் கை பூரா ஆரஞ்சு' என்று ஒரு அம்மா சொன்னதை எழுதி ஒட்டியபோது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படித்தார்கள். சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் பழக்கும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூலை அவ்வளவு ஆசையாக அவர்கள் படித்து நான் பார்க்கவில்லை. அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை.

ஒரு அப்பத்தாவின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்த புதிது. 1956க்குப் பிறகு ஓரிரு வருஷம் இருக்கலாம். அவருக்கு ஏழெட்டு வயது, தம்பிக்கு ஐந்து. தம்பியைப் பள்ளியில் சேர்த்தார்கள். அவன் அக்காவை விட்டு இருக்க மாட்டேன் என்று அழுது புரண்டான். வேறு வழியில்லாமல் அக்காவும் கூடவே போய் உட்காரட்டும் என்றார்கள். வாத்தியார் நல்ல மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை. மணலில் அ, ஆ எழுதிப் பழகும்போது இவரும் எழுதினார். சாப்பாட்டு நேரத்தில் இவருக்கும் போட்டார்கள். தம்பியைவிட இவர் வேகமாகப் படித்தார், வாத்தியார் அதைச் சொல்லிச் சிரித்தாராம். மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலையில் தம்பி அழாமல் தானாகவே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இவரும் கிளம்பினார். வாசலில் அம்மா தடுத்து, "அவன் பழகிட்டான், நீ இனி போவேணாம்" என்றார்.

அவ்வளவுதான் கதை. அழுதீர்களா என்று கேட்டேன். "எதுக்கு அழுவணும், நான் அங்க சேரவே இல்லையே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, பள்ளிக்கூடத்தில் பழைய ரிஜிஸ்டர் இருக்குமா, அதில் ஒருவேளை வாத்தியார் தன் பேரையும் எழுதியிருப்பாரா என்று கேட்டார். அது நான் வேலை பார்த்த அதே பள்ளிதான். பீரோவின் அடித்தட்டில் இருந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். தம்பியின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை.

அந்தக் கதையை ஒட்டிய வாரம் வராந்தாவில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். படிக்கத் தெரிந்தவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று ஒருவர் ஆரம்பித்தார். ஒருவருக்குத் தங்கச்சி, ஒருவருக்கு ஆடு, ஒருவருக்கு அம்மாவின் பிரசவம். எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதில் பள்ளியை விட்டு நின்றிருந்தார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக அடிக்கடி லீவு போடும் ஒரு பெண்பிள்ளை அப்போது என் வகுப்பில் இருந்தாள். அவளுடைய அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றார். அடுத்த வாரத்திலிருந்து கைக்குழந்தை பக்கத்தில் இருந்த பாட்டி வீட்டுக்குப் போனது, அவள் பள்ளிக்கு வந்தாள். அந்தச் சார்ட்டைப் படித்ததால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நாங்கள் அதற்கு முன் இரண்டு முறை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்தோம். ஆனால் இரண்டு முறையும் அவர் தலையாட்டியதோடு சரி.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வழி என்று நினைத்துவிட வேண்டாம். உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கையை 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தபோது அவருக்கு ஏறத்தாழ எண்பத்தைந்து வயது. ஓலையும் எழுத்தாணியும் சட்டாம்பிள்ளையுமாக இருந்த திண்ணைப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் மறைந்துபோயிருந்த காலம். அந்தக் கல்வி முறை பற்றி ஆய்வுகளும் அறிக்கைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த சிறுவனாக அவர் எழுதியதைத்தான் இன்றும் ஜனங்கள் தேடிப் படிக்கிறார்கள்.

அம்பேத்கர் தம் பள்ளி நாள்களைப் பற்றி எழுதியது சில பக்கங்கள்தான். வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார முடியாது, ஒரு மூலையில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வேண்டும். பள்ளியைச் சுத்தம் செய்யும் வேலையாள் அந்தச் சாக்கைத் தொட மாட்டார் என்பதால், தினமும் சாயந்தரம் அதை வீட்டுக்குத் தூக்கிப்போய் மறுநாள் காலையில் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயை அவர் தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆவது பிரிவை ஐந்தாம் வகுப்புக்குப் பல வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் குனிந்து நோட்டில் எழுதிக்கொள்வார்கள். சாக்கைப் பற்றிச் சொன்ன அன்று யாரும் எழுதவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "மழை பெஞ்சா சாக்கு நனைஞ்சிருமே டீச்சர், அப்ப எங்க உக்காருவாரு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு 17ஆவது பிரிவை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்முடைய துறையின் வரலாறும் இந்தக் கதைகளில்தான் இருக்கிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரே வீட்டில் மூன்று பேரிடம் கேட்டு எழுதினேன். தாத்தாவின் கதையில் கோதுமை உப்புமாவும் பால் பவுடரும் வருகிறது. அப்பாவின் கதையில் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், அதற்காக வீட்டிலிருந்து எடுத்துப்போன அலுமினியத் தட்டும் வருகிறது. தட்டின் அடியில் ஆணியால் பெயர் எழுதியிருந்ததாம். பிள்ளையின் கதையில் காலை உணவுப் பொங்கல் வருகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து ஒட்டியபோது எந்த விழா மலரும் செய்யாததை அந்தச் சுவர் செய்தது.

பிறந்த தேதி விஷயமும் அப்படித்தான். பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கம் பக்கமாக மே, ஜூன் பிறந்தநாள்கள். ஊரில் பாதிப் பேர் கோடையிலேயே பிறந்தார்களா என்ன? "பெருமழை பெஞ்ச வருஷம், பொங்கலுக்கு முந்தி" என்று அம்மா சொல்லியிருப்பார். பெரிய வாத்தியார் கணக்குப் போட்டு, ஜூனில் ஐந்து வயது நிரம்பும்படி ஒரு தேதியை எழுதியிருப்பார். அந்தத் தேதிதான் இன்று ஆதாரிலும் ஓய்வூதிய உத்தரவிலும் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அது 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தைப் பயிற்சி வகுப்பில் படித்தபோது எனக்கு ஒரு விதியாகத்தான் தெரிந்தது. காது எட்டாமல் வீட்டுக்குப் போனவர்களின் கதைகளை எழுதிய பிறகுதான் அது யாருக்காக எழுதப்பட்டது என்று புரிந்தது.

சரி, நான் கேட்பது இதுதான். துறையின் இதழ்களில் மாதம் ஒரு பக்கம் முதல் நாள் கதைகளுக்குக் கொடுங்கள். வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சிறு புத்தகங்கள் வருகின்றன. அந்த வரிசையில் ஊர்க்காரர்கள் சொன்ன முதல் நாள் கதைகளும் வரட்டும். தன் அப்பத்தா சொன்னதை அச்சில் பார்க்கும் பிள்ளைக்குப் புத்தகம் என்பது வேறு யாரோ எழுதுவது என்ற எண்ணம் போய்விடும். ஜூன் மாதத்தில் ஒரு மதியத்தைப் பெரியவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்து கதை சொல்வதற்கு விட்டுவிடுங்கள். அழுதுகொண்டிருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, தன் தாத்தாவும் இதே வராந்தாவில் உருண்டு அழுதார் என்று கேட்பதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழுகையை நிறுத்திவிட்டு, "எந்தத் தூணுகிட்ட?" என்று கேட்கும்.

அதைச் செய்யும்போது சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். கதையைத் திருத்தாதீர்கள். எழுத்துப்பிழையைச் சரிசெய்யுங்கள், பேச்சைச் சரிசெய்ய வேண்டாம். கன்னியாகுமரிக்காரர் சொல்வது கன்னியாகுமரித் தமிழில் இருக்கட்டும், தருமபுரிக்காரர் சொல்வது அந்த ஊர்ப் பேச்சில் இருக்கட்டும். மலைக் கிராமங்களில் வீட்டு மொழி ஒன்றாகவும் பாடநூல் மொழி வேறாகவும் இருக்கும் பிள்ளைகள் உண்டு. திருப்பூரில் ஒடியாவோ இந்தியோ பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழி ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காருகிறார்கள். டீச்சர் சொல்வதில் ஒரு சொல்லும் புரியாமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களிடமும் கேளுங்கள்.

ஜெயித்தவர்களை மட்டும் தேடிப் போக வேண்டாம். முன்னாள் மாணவர் என்றாலே நாம் டாக்டரையும் இன்ஜினீயரையும் மேடையில் ஏற்றுகிறோம். அவர்கள் வரட்டும், அவர்களால் பள்ளிக்குப் பெருமைதான். ஆனால் 'அன்று அழுதேன், இன்று உயர்ந்தேன்' என்று முடியும் கதையைக் கேட்கும் ஒரு கூலித் தொழிலாளி, அந்தக் கதையில் தனக்கு இடமில்லை என்று ஒதுங்கிவிடுகிறார். மூன்றாம் வகுப்போடு நின்றவர், அடி தாங்காமல் ஓடிவந்தவர், சேராமலே மூன்று மாதம் படித்தவர் எல்லாருடைய கதைகளும் வேண்டும். அதில் சில நம்மைக் குற்றம் சொல்லும். ஒரு பள்ளியில் தன்னைத் தனியாக உட்கார வைத்தார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதையும் எழுதி ஒட்டினேன். ஒட்டலாமா என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பள்ளியின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் விட்டுவிட்டு, நடந்ததை அப்படியே எழுதினேன். படித்துவிட்டு யாரும் பள்ளியின் மேல் கோபப்படவில்லை. அதற்குப் பிறகு எங்களிடம் கூடுதலாகத்தான் பேசினார்கள்.

சொன்னவர் சம்மதம் இல்லாமல் எதுவும் அச்சாகக் கூடாது. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, சரி என்ற பிறகே வெளியிட வேண்டும். சிறு பிள்ளைகளின் பெயரோ படமோ வேண்டாம். போட்டி, பரிசு, சான்றிதழ் எதுவும் வேண்டாம். பரிசு என்றதும் கதை சொல்பவர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். பள்ளி விவரங்களை ஏற்றும் துறையின் எமிஸ் (EMIS) தளத்தில் பதிவேற்றும் வேலையாகவும் இதை ஆக்கிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே என் தோழிகள் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கும் நேரத்தைவிட போனைப் பார்க்கும் நேரம் கூடிவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். எழுத விருப்பமுள்ள ஆசிரியர் எழுதட்டும், ஊருக்கு ஒருவர் இருந்தால்கூடப் போதும்.

என்னிடம் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. இரண்டாவது நோட்டின் ஓரம் கரையான் அரித்திருக்கிறது, எழுத்து போகவில்லை. கதை சொன்னவர்களில் சிலர் இப்போது இல்லை, அவர்கள் வீட்டாரிடம் கேட்டு வாங்க வேண்டும். மற்றவர்களிடம் நானே நேரில் போய்க் கேட்டுவிடுவேன், எல்லாரும் பக்கத்து ஊர்கள்தான். காது தொட்ட கதை சொன்னவர் எப்போது அச்சில் வரும் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த ஜூனுக்குள் சுத்தமாகப் படியெடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.